கடல் இல்லாத ஊரில் முகத்துவாரம்

1

எங்கள் வீட்டில் ஒரு மனுஷர் மேல் பழி போட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. செய்தவள் நான். அது தெரிந்தும் சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால் பனி, கார், பெரிய கடை என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வராது. நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நம் பக்கத்து ஜனங்கள் படித்தால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றாவது புரியும்.

பிறந்தது எண்ணூரில் ஆற்றோரக் குப்பம். கட்டிக்கொடுத்தது காலடிப்பேட்டையில். வீட்டுக்காரர் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தார். அவர் போன பிறகு, நர்ஸ் வேலைக்குக் கனடா போன என் மகள் கலா என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பிரபு தண்டையார்பேட்டைப் பிள்ளை. இங்கே டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறார். பேத்தி ரம்யாவுக்குப் பதினஞ்சு வயசு. தமிழில் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். கூப்பிடுவது மட்டும் "ஆயா"தான். அது ஒன்றாவது மிச்சம்.

2

இந்த ஊர் கனடாவின் நடுவில் இருக்கிற சமவெளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை. டவுனுக்குள் வீட்டு விலை கட்டுப்படி ஆகாமல், இவர்கள் வெளியே ஒரு பழைய வீட்டை நிலத்தோடு வாங்கினார்கள். நிலத்தைப் பக்கத்து விவசாயி வால்டர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார். அவருக்கும் என் வயசு இருக்கும். வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு குட்டை. கோயில் குளம் அளவு பெரிசு, ஆனால் படி கிடையாது. சுற்றிலும் கோரை.

அந்தக் குட்டைக்கு அரசாங்கம் வருஷா வருஷம் காசு கொடுக்கிறது. முதலில் கலா சொன்னபோது கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எதுக்குடி காசு?"

"சும்மா விட்டு வெக்கிறதுக்குமா. உழக்கூடாது, கரையில புல்லு வெட்டக்கூடாது, தண்ணிய வடிக்கக்கூடாது. வாத்து, கொக்கெல்லாம் வந்து குஞ்சு பொரிக்கும்ல, அதுக்கு."

"நானுந்தான் சும்மா இருக்கேன். எனக்குக் குடுப்பாங்களா?"

மாப்பிள்ளை காபி குடித்துக்கொண்டே, "உங்க மேல வாத்து வந்து குந்துச்சுன்னா குடுப்பாங்க அத்தை" என்றார். ரம்யா கூடச் சிரித்தாள்.

விளையாட்டுப் பேச்சு அதோடு சரி. அந்தக் காசுக்குக் கட்டுப்பாடு நிறைய. வருஷத்துக்கு ஒரு தரம் மாப்பிள்ளை குட்டையைச் சுற்றி வந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். தண்ணீர் இருக்கிறது, கோரை இருக்கிறது என்று அந்த ஆபீஸ் பார்க்கும். வீட்டுக்காரர் பென்ஷனுக்கு நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் காட்டுகிறேனே, அதே மாதிரி. பேச்சு மீறினால் காசு நின்றுவிடும். வாங்கினதையும் திருப்பிக் கேட்பார்கள். வீட்டுக் கடன் தவணையில் ஒரு பாகம் அதில்தான் போகிறது.

இதை நான் ஊரில் என் தம்பி ஏழுமலைக்குச் சொல்லவே இல்லை. அவன் இன்னும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறான். ஆற்றில் மீன் பிடிக்கிறவன். அவன் ஆற்றுக்குள் கரண்டு கம்பெனிச் சாம்பல் வந்து படிந்து, காலை வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது. அவனிடம் போய் எப்படிச் சொல்வது, எங்கள் தண்ணீரைத் தொடாமல் இருப்பதற்குச் சம்பளம் வருகிறது என்று?

3

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணுவான். அன்றைக்குக் கலா பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"இன்னாக்கா, துன்னியா?"

"துன்னேன்டா. நீ?"

"துன்னேன். மீனு துட்டு குட்த்து வாங்கித் துன்ற மீன்காரன் நானு."

கலாவுக்கு மாமாவோடு பேசினால் பழைய வாய் வந்துவிடும். "மாமா, நீ இங்க வந்துடு. எங்க குட்டையில வாத்து மெதக்கறதுக்கு கவர்மெண்டு காசு தருது" என்று சொல்லிவிட்டாள். நான் கையைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"நெசமாவா? கொக்கு குந்தறதுக்கு வாடகையா?" ஏழுமலை சிரித்தான். "நல்ல ஊருக்கா அது. எங்க ஆத்துல சாம்பலு குந்திகினுகீது. அதுக்கு எவன்ட்ட வாடக கேக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை. அப்புறம் அவனாகவே பேச்சை மாற்றினான்.

"மொகம் மூடிக்கிச்சிக்கா. தண்ணி அப்டியே நிக்கிது. பச்சையாப் பூத்து, கலீஜா நாறுது. மெஷினு வரும் வரும்ன்றாங்க, வர்ல. மனு குட்த்து பேஜாராப் போச்சி. நாங்களே வெட்டிக்கலாம்னுகீறோம்."

முகம் என்றால் முகத்துவாரம். ஆறு கடலில் சேருகிற வாய். வெயில் காலத்தில் கடல் மண்ணைத் தள்ளி அதை அடைத்துவிடும். ஆற்றுத் தண்ணீர் உள்ளேயே நின்று சூடாகி, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். எங்கள் அப்பா காலத்தில் இப்படி ஆனால் குப்பமே இறங்கிவிடும். ஆம்பிளைகள் வெட்டுவார்கள், நாங்கள் கூடையில் மண் சுமப்போம். கடைசி வரப்பை மட்டும் வெட்டாமல் விட்டு, கடல் ஏறுகிற நேரம் பார்த்து, கற்பூரம் ஏற்றி அப்புறம் வெட்டுவார்கள். கடல் உள்ளே வரும். காலில் ஜில்லென்று படும். தவிடு மாதிரி இறால் குஞ்சு அதோடு ஏறி வரும். தண்ணீர் செத்துப்போனால் வாயைத் திறந்துவிட வேண்டும், பிழைத்துக்கொள்ளும். எழுத்துப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்த பாடம் அது.

மறுநாள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, மனசு கேட்காமல் பின்பக்கம் போனேன். குட்டைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. சேற்று வாடை. அடியிலிருந்து குமிழி வந்தது. தாழ்வான பக்கத்தில் ஒரு மண் மேடு, அதில் புல் மண்டிப்போயிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காய்ந்த கால்வாய்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மூடின முகம் அது. இவர்கள் யாரும் கடற்கரைக்காரர்கள் இல்லை, இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். தண்ணீரை வடிக்கக் கூடாது என்று கலா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வடிப்பது வேறு, வாய் திறப்பது வேறு என்றுதான் என் புத்தியில் இருந்தது. அவ்வளவு காசு வாங்குகிறோம், ஒருத்தரும் அதற்கு ஒரு கை மண் எடுத்துப்போட்டதில்லை, நானாவது செய்கிறேன் என்றும் இருந்தது.

ஷெட்டில் இருந்து நீளக் காம்பு வைத்த மண்வெட்டியை எடுத்துவந்தேன். மேட்டில் என் பாதம் அகலத்துக்கு வெட்டினேன். உட்கார்ந்து உட்கார்ந்து வெட்டினேன். பூஜை அலமாரியில் இருந்து கற்பூரம் கொண்டுவந்து ஏற்றினேன், காற்று அணைத்துவிட்டது. கடைசிக் கட்டியைத் தள்ளினதும் தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஏழுமலைக்கு நான் செய்ய முடியாததை இங்கே செய்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

4

ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பாதம் அகலத்துக்கு வெட்டினது இரண்டு முழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே வருகிற தண்ணீர் எங்கே என்று நின்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கிருந்து வரும்? கடல் எங்கே, இந்த ஊர் எங்கே. இங்கே வாயைத் திறந்தால் போவது மட்டும்தான்.

மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். போட்ட மண் கரைந்து அதோடு போனது. கோரை ஓரத்தில் ஒரு வாத்து கத்திக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று எனக்குத் தோன்றியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்வெட்டியைக் குழாயில் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். திட்டுவார்கள் என்ற பயம் இல்லை. மாப்பிள்ளை ஒரு நாளும் என்னைக் குரல் உயர்த்திப் பேசினது இல்லை. மகள் வீட்டில் இருக்கிற அம்மா இடத்தை அடைக்காமல் இருக்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து காலை மடக்கியே உட்கார்ந்திருக்கிறவள் நான். அந்த வீட்டுத் தவணைக்கே உலை வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

அந்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை படம் எடுக்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எவனோ வெட்டிட்டான் கலா. மண்வெட்டி வெச்ச அடையாளம் இருக்கு. பாதித் தண்ணி காலி."

எவனோ என்று சொன்னாலும் அவர் மனசில் ஒரு பேர்தான் இருந்தது. அந்தப் பள்ளத்தை வடித்தால் இன்னும் கொஞ்சம் கோதுமை போடலாமே என்று வால்டர் வேலி ஓரத்தில் நின்று பல தரம் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை நேரே அவர் நிலத்துக்குப் போனார். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை கையை நீட்டி நீட்டிப் பேசினார். வால்டர் தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார், வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டில் அதே பேச்சு.

"அவரு அப்படிப்பட்டவர் இல்லைங்க" என்றாள் கலா. "பனியில நம்ம கார் மாட்டிக்கிச்சே, யார் வந்து இழுத்தது?"

"இழுத்தாரு, இல்லன்னு சொல்லல. அதுக்காகக் குட்டைய எழுதிக் குடுத்துட முடியுமா? படத்த அனுப்பிட்டேன், ஆபீஸ்ல இருந்து வந்து பாக்கறாங்களாம். அவர் பேரைச் சொல்லத்தான் போறேன். இல்லன்னா நாமதான் வெட்டினோம்னு எழுதிடுவாங்க."

ரம்யா என் தட்டைப் பார்த்தாள். "ஆயா, வொய் ஆர் யூ நாட் ஈட்டிங்?"

"பசியில்ல கண்ணு" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

5

ஆபீஸிலிருந்து வந்தது ஒரு பெண். கலா வயசு இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டு, குட்டையைச் சுற்றி நடந்து, சேற்றில் இறங்கி அளந்தாள். கலாவுக்கு அன்றைக்கு டியூட்டி. மாப்பிள்ளையும் ரம்யாவும்தான் கூட நின்றார்கள். நான் பின்கதவுக்கு உள்ளே நின்றேன். இங்கிலீஷ் எனக்கு மழைச் சத்தம் மாதிரி. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் "வால்டர்" என்ற பேர் காதில் விழுந்தது. அந்தப் பெண் அதை எழுதக் குனிந்தாள்.

எனக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று இப்போதும் தெரியவில்லை. நைட்டி மேல் ஸ்வெட்டரோடு, ஷெட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன். நான் உதவிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்து, "தேங்க்யூ" என்றாள்.

"அத்தை, நீங்க உள்ள போங்க, வழுக்கும்" என்றார் மாப்பிள்ளை.

நான் மேட்டில் குனிந்து ஒரு கட்டி மண்ணை வெட்டித் தள்ளினேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "மீ" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. இன்னொரு கட்டி வெட்டினேன். "நோ வால்டர். மீ."

ரம்யாதான் முதலில் பேசினாள். அதிசயமாகத் தமிழில் பேசினாள்.

"நீயா ஆயா? ஏன்?"

சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன். அவள் கிட்டே வந்து காதை வைத்துக் கேட்டு, அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் சொன்னாள். பாதியில் நின்று, "முகத்துவாரம்னா இன்னா?" என்றாள். பிறந்ததிலிருந்து நான் அதை அவளுக்குச் சொன்னதில்லை. மண்வெட்டிக் காம்பால் சேற்றில் கடல் போட்டு, மணல் போட்டு, ஆறு போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

அப்புறம் அவள் சொன்னதை ரம்யா எனக்குச் சொன்னாள். முன்னால் இந்தக் குட்டையைக் கால்வாய் வெட்டி வடித்து உழுதுவிட்டார்களாம். அந்தக் கால்வாயை அடைத்துத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர அவர்கள்தான் அந்த மேட்டைப் போட்டார்களாம். நான் மூடின முகம் என்று நினைத்தது, அவர்கள் பாடுபட்டு மூடின முகம். இனிமேல் அடுத்த வருஷம் பனி உருகினால்தான் பழைய அளவுக்குத் தண்ணீர். தெரியாமல் செய்தது என்று எழுதுவாளாம். மேட்டைச் சரியாகப் போட்டுக் காட்டும்வரை இந்த வருஷக் காசு நிற்கும்.

போகிற நேரத்தில் அந்தப் பெண் ஒன்று கேட்டாள். ரம்யா திருப்பிச் சொன்னாள். "உங்க ஊர்ல அப்படி வெட்டி விடறவங்களுக்கு கவர்மெண்ட் எவ்ளோ பே பண்ணும்னு கேக்கறாங்க."

ஒன்றும் கிடையாது என்பதுதான் நிஜம். மெஷின் கூட வரவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண் முன்னால் ஊரை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"குடுப்பாங்கன்னு சொல்லு" என்றேன்.

ரம்யா அப்படியே சொன்னாள். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஒரு பழியை இறக்கி வைக்க வந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நின்றேன். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்த என் தம்பிக்கு, அவன் வாங்காத கூலியை வாங்கினதாக நான் கணக்குக் காட்டிவிட்டேன்.

6

மாப்பிள்ளை என்னைத் திட்டவில்லை. "சொல்லியிருக்கலாம் அத்தை" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு வேறு ஒரு சங்கடம் இருந்தது. அந்த மேட்டைப் போட மண் வாரும் மெஷின் வேண்டும். அக்கம்பக்கத்தில் அது வைத்திருப்பது வால்டர் ஒருத்தர்தான்.

நானும் வருகிறேன் என்றேன். வழியெல்லாம் "சாரி, சாரி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வால்டர் கதவைத் திறந்ததும் பதறிப்போய்க் கையைக் கூப்பி, "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைதான் எல்லாவற்றையும் சொன்னார். தலை குனிந்தபடியே சொன்னார். வால்டர் கேட்டுக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னா சொன்னாரு?"

"காலைல வரேன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தை."

வந்தார். மெஷினால் மண்ணைப் போட்டு, மெஷினையே மேலே ஏற்றி ஏற்றி இறக்கி, கெட்டியாக அழுத்தினார். காசு கொடுத்ததற்கு வேண்டாம் என்று கை காட்டினார். முன்பெல்லாம் இந்தப் பக்கம் வந்தால் உள்ளே வந்து என் டீயைக் குடித்துவிட்டு, இஞ்சி காரத்துக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். அன்றைக்குக் கலா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. செய்யாத மனுஷர் மேல் சொன்ன சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. செய்தவள் வந்து நின்று கை கூப்பினால் அது திரும்பி வந்துவிடுமா?

ஏழுமலை போன் பண்ணினான். அவர்கள் முகத்தை வெட்டிவிட்டார்களாம். மெஷின் இல்லாமல், ஆளுக்கு ஒரு மண்வெட்டியோடு இறங்கி.

"கூலி ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"எவன்க்கா குடுப்பான்? யாரு கேட்டா? கடலு உள்ள வந்துச்சி, அது போதும்."

நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை.

குட்டை இப்போது பாதிக்கு மேல் சேறு. ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. ஒரு நாள் காலையில் அந்த வாத்து, குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கோதுமைக்குள் இறங்கிப் போனதை ரம்யாதான் கூப்பிட்டுக் காட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் வால்டரின் மாடுகள் தண்ணீர் குடிக்கிற சின்னக் குட்டை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தக் குட்டைக்கு அரசாங்கக் காசு கிடையாது. அவருக்குக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதே பிடிக்காதாம், கலா சொன்னாள்.

இங்கே இது வைக்கோல் காலம். மாடுகளுக்கு வருஷத்துக்கும் வேண்டிய புல்லை இப்போதே அறுத்து உருட்டி வைப்பார்கள். வால்டர் போன வாரம் அந்தப் பக்கம் முழுக்க அறுத்தார். வாத்துக் குஞ்சுகள் இருக்கிற அந்தச் சின்னக் குட்டையைச் சுற்றி மட்டும் அறுக்கவில்லை. நல்ல உசரமான புல், அப்படியே விட்டுவிட்டார். அவ்வளவும் அவர் மாட்டுக்குப் போக வேண்டியது.

எங்கள் மேட்டைப் பார்த்துவிட்டு ஆபீஸில் திருப்தி என்று சொல்லிவிட்டார்கள். காசு வந்துவிட்டது. மாப்பிள்ளை தவணை கட்டிவிட்டார். வீட்டில் எல்லோரும் பழையபடி பேசிச் சிரிக்கிறார்கள்.

நான் வெங்காயம் உரிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் புல் தெரிகிறது. சமையல்கட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைத்து மாட்டச் சொல்லிக் கலாவிடம் கேட்டேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் வெயில் வராது என்று அவளுக்குத் தெரியும். என்ன கலரில் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.